நான் உரித்தெடுத்த அம்பு ஸ்டிக்கர்

அம்மிணிக்கு,

மேல்வீட்டில் நீ, கீழ்வீட்டில் நான். நடுவில் பதினெட்டுப் படிக்கட்டு. இதற்குள் எதற்கு அப்பா கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறார் என்று உனக்குத் தோன்றும். உடம்புக்கு ஒன்றுமில்லை, பயப்படாதே. சர்க்கரை அளவோடு இருக்கிறது, முழங்கால் வழக்கம்போல முனகிக்கொண்டிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை நீ இலங்கைக்குக் கிளம்புகிறாய். உங்கள் கம்பெனிக்கு அங்கே இருக்கிற யூனிட்டில் மூன்று மாதம் தங்கி ஒரு புது ஆர்டரை முடித்துக் கொடுக்க உன்னைத்தான் அனுப்புகிறார்கள். மாப்பிள்ளைக்குச் சாயப்பட்டறையில் ஷிப்ட் வேலை. ஆகவே மித்ரா பள்ளிக்கூடம் விட்டு வந்ததிலிருந்து அவர் வீடு திரும்பும் வரைக்கும் அவளுடைய வீட்டுப்பாடமும், அவள் பாடம் பார்க்கிற டேப்லெட்டும் என் பொறுப்பு என்று புதன்கிழமை சாயங்காலம் சொன்னாய். டேப்பைக் கையில் கொடுத்தாய். பாஸ்வேர்டைத் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தாய். கூடவே ஒரு பழுப்புக் கவர். "இதுல ஸ்டிக்கர் இருக்குதுங்கப்பா. வேணுங்கறப்பப் பிரிச்சுக்குங்க" என்றாய். நானும் பெரிய மனுசன் மாதிரித் தலையை ஆட்டி வாங்கிக்கொண்டேன். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

உன்னிடம் சொல்லாமல் நான்கு மாதமாக ஒரு விஷயத்தை மனசுக்குள் வைத்திருக்கிறேன். அதைச் சொல்லிவிட்டுத்தான் அந்த டேப்பை நான் வாங்கியிருக்க வேண்டும். நேரில் சொல்லிவிடலாம் என்று மூன்று தடவை படியேறி வந்தேன். ஒரு தடவை நீ போனில் துணி வாங்குகிற வெளிநாட்டுப் பையரிடம் பேசிக்கொண்டிருந்தாய். இன்னொரு தடவை மித்ரா எதிரே உட்கார்ந்திருந்தாள். மூன்றாவது தடவை எல்லாம் தோதாக இருந்தது, வாயைத் திறந்தேன், "இட்லிப் பொடி இருக்குதா அம்மிணி" என்று கேட்டுவிட்டு ஒரு கிண்ணத்தோடு இறங்கிவிட்டேன். இனி எழுதினால்தான் உண்டு. நீ கிளம்புவதற்கு முன்னால் இதைப் படித்துவிடு. படித்த பிறகு டேப்பைத் திரும்ப வாங்கிக்கொண்டு வேறு ஏற்பாடு செய்ய வேண்டும் என்று தோன்றினால் செய். நான் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாததால் நான் நன்றாக அறிந்த இடத்திலிருந்தே ஆரம்பிக்கிறேன். முப்பது வருசத்துக்கு மேல் பனியன் கம்பெனியில் செக்கிங் டேபிளில் நின்றவன் நான். தைத்து வருகிற பீஸை விரித்து, திருப்பி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்போம். ஊசி ஓட்டை, எண்ணெய்க் கறை, விட்டுப்போன தையல் எது இருந்தாலும் அந்த இடத்தில் ஒரு சின்னச் சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்டுவோம். கோளாறு இங்கே இருக்கிறது, பார் என்று அது காட்டும், அவ்வளவுதான். தைத்தவர் யார் என்பது அதில் இருக்காது. லீவு நாளில் உன்னையும் கூட்டிப்போய் டேபிளுக்குப் பக்கத்தில் உட்கார வைப்பேன். தீரப்போகிற ஸ்டிக்கர் தாளில் மிச்சமிருப்பதை எடுத்து நீ உன் கை, கால், மூக்கு என்று ஒட்டிக்கொள்வாய். "நான் பூராவும் டேமேஜுங்கப்பா" என்று சிரிப்பாய்.

எனக்கு முன்னால் இருந்த சூப்பர்வைசர் பெரிய கத்தல்காரர். கோளாறு வந்தால் தையல்காரரை லைனில் நிறுத்தி வைத்துத் திட்டுவார். அதனால் என்ன ஆகும்? டேமேஜ் ஆன பீஸ் பண்டலுக்கு நடுவில் போய் ஒளிந்துகொள்ளும். அட்டைப்பெட்டிக்குள் போய், கப்பல் ஏறி, கடைசியில் பையரின் கையில் போய்த்தான் வெளியே வரும். நான் பொறுப்புக்கு வந்ததும் முதல் நாளே சொன்னேன், கோளாறைத் தானாகக் கொண்டுவந்து காட்டுகிறவரை யாரும் ஒரு வார்த்தை சொல்லக் கூடாது என்று. அதன் பிறகு தையல்காரர்களே எழுந்து வந்து, "அண்ணா, இதுல ஊசி ஏறிப்போச்சுங்க" என்று நீட்டினார்கள். எனக்கு அதில் பெரிய பெருமை.

கம்பெனியில் இவ்வளவு தெரிந்தவன் வீட்டில் என்ன செய்தேன் என்பது உனக்கு ஞாபகம் இருக்கும். எனக்கும் இருக்கிறது. நீ மூன்றாம் வகுப்பில் வகுத்தல் கணக்குப் போட்டுக்கொண்டு வருவாய். நான் சட்டையைக் கழற்றி மாட்டுவதற்கு முன்பே சிவப்புப் பேனாவை எடுத்துக்கொண்டு உட்காருவேன். ஒரு எண் கோடு தாண்டியிருந்தால் பக்கம் முழுவதும் திரும்ப எழுத வேண்டும். ஒரு நாள் பக்கத்தையே கிழித்தேன். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை வண்டியைத் துடைக்கப் பனியன் வேஸ்ட் எடுக்கலாம் என்று கட்டிலுக்கு அடியில் இருந்த மூட்டைக்குள் கையை விட்டேன். துணியோடு துணியாக உன் கணக்குப் பரீட்சைத் தாள் நான்காக மடித்து இருந்தது. என் கையெழுத்தை நீயே போட்டுப் பழகிய இன்னொரு தாளும் இருந்தது. நான் கத்தியது அடுத்த தெருவுக்குக் கேட்டிருக்கும். "எதுக்கு ஒளிச்சு வெச்ச" என்று கேட்டதற்கு நீ அழாமல் சொன்னாய்: "நீங்க கத்துவீங்கன்னுதானுங்கப்பா." அதற்கு மேல் என்னால் கத்த முடியவில்லை. ஆனால் நீ சொன்னது சரி என்றும் நான் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன், நீ சொன்னது சரி.

அந்த எட்டு வயசுப் பிள்ளைதான் வளர்ந்து இப்போது என் பேத்தியை உட்கார வைத்துப் பாடம் சொல்லிக்கொடுக்கிறாய். அதைக் கீழ்வீட்டிலிருந்து காதாலும், காப்பி குடிக்க வருகிற சாக்கில் கண்ணாலும் இரண்டு வருசமாகப் பார்க்கிறேன். உன்னிடம் ஒரு நாளும் சொன்னதில்லை. எனக்கு அவ்வளவு ஆச்சரியம் அம்மிணி. சாயங்காலம் ஆனால் பள்ளிக்கூட குரூப்பில் வீட்டுப்பாடம் வந்து குவிகிறது. ஒரு வீடியோவைப் பார், அந்தப் படத்தை வரை, இந்த ஆப்பில் பயிற்சி செய் என்று எனக்குப் படிக்கும்போதே தலை சுற்றும். நீ பத்து மணி நேரம் கம்பெனியில் மெயிலுக்குப் பதில் சொல்லிவிட்டு வந்து, முகத்தைக் கழுவிக்கொண்டு, சப்பாத்திக்கு மாவு பிசைந்தபடியே மித்ராவிடம், "எனக்கு இது மறந்துபோச்சு கண்ணு, நீ சொல்லிக்குடு" என்பாய். அவள் டீச்சர் மாதிரிக் குரலை மாற்றிக்கொண்டு உனக்குப் பின்னம் சொல்லித்தருவாள். தப்பாகச் சொன்னால் நீ உடனே திருத்துவதில்லை. "அப்படீங்களா டீச்சர், அப்ப இந்தச் சப்பாத்தியை நாலா வெட்டுனா?" என்று கேட்பாய். அவளே கொஞ்சம் யோசித்துவிட்டு, "இருங்க இருங்க" என்று அழித்துவிட்டுத் திரும்ப எழுதுவாள்.

மழை எப்படி வருகிறது என்று மாதிரி செய்து வரச் சொன்னார்களே, அந்தக் கூத்தை மறக்க முடியுமா? மற்ற வீடுகளில் அப்பா அம்மா கடையில் வாங்கிய தெர்மாகோலில் மலையும் கடலும் செய்து அனுப்பினார்கள். மித்ரா செய்தது பஞ்சு மேகம், ஒரு பக்கமாகச் சாய்ந்த மலை, பசை வழிந்த சூரியன். எனக்குக் கை பரபரத்தது. மலையையாவது நிமிர்த்தலாமே என்று கிட்டே போனேன். "அப்பா, இது உங்க ஆர்டர் இல்லீங்க. தொடாதீங்க" என்றாய். சாய்ந்த மலையோடுதான் அது பள்ளிக்கூடம் போனது. மழை ஏன் பெய்கிறது என்று வகுப்பில் எழுந்து நின்று சொன்னவள் அவள்தான் என்று பிறகு அவளுடைய மிஸ் உன்னிடம் சொன்னார்களாம்.

எல்லாவற்றையும் விட என்னை அசத்தியது அந்த ஸ்டிக்கர். கம்பெனியில் மிச்சமாகிற அம்பு ஸ்டிக்கர் தாளை எடுத்து வந்து மித்ராவிடம் கொடுத்தாய். நோட்டில் எந்தக் கணக்குப் புரியவில்லையோ அந்த இடத்தில் அவளே அம்பு ஒட்ட வேண்டும். நீ வந்ததும் அம்பு இருக்கிற இடத்திலிருந்துதான் ஆரம்பிப்பாய். டேப்புக்கும் அதே ஏற்பாடு. டேப் எப்போதும் ஹாலில் மேஜை மேல்தான் இருக்கும், திரை நாம் நடக்கிற பக்கம் பார்த்திருக்கும். அதில் பயப்படுகிற மாதிரியோ, புரியாத மாதிரியோ, வேண்டாத மாதிரியோ ஏதாவது வந்தால் வாயால் சொல்லக்கூட வேண்டாம், டேப்பின் மேல் ஒரு அம்பை ஒட்டிவிட்டால் போதும். "ஒட்டுனதுக்கு ஒருத்தரும் திட்ட மாட்டாங்க. டேப்பையும் புடுங்க மாட்டாங்க" என்று அவளுக்குச் சத்தியம் செய்து கொடுத்தாய். என் செக்கிங் டேபிளை நீ வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டாய். எனக்கு வராத புத்தி உனக்கு வந்தது.

இனி என் கதைக்கு வருகிறேன்.

வேலையை விட்ட பிறகு சும்மா இருக்க முடியாமல் முன்னறையில் எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ் குழந்தைத் துணிக் கடை போட்டேன் அல்லவா? துணியை ஹேங்கரில் மாட்டிப் படமெடுத்தால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை, பிள்ளைக்குப் போட்டுப் படமெடுத்தால் உடனே கேட்கிறார்கள். நம் ஊரில் இது புதுசும் இல்லை. சாம்பிள் தைத்தால் ஆபீசில் வேலை செய்கிறவர்கள் வீட்டுப் பிள்ளைக்குத்தானே போட்டு அளவு பார்ப்போம்? நீயே சின்ன வயசில் எத்தனை சாம்பிள் போட்டு நின்றிருக்கிறாய். மித்ராவுக்கு எட்டு ஒன்பது வயசு சைஸ் கச்சிதமாகப் பொருந்தும். அவள் வந்ததும் ஒரு செட்டைப் போட்டுவிட்டு, போனில் படமெடுத்து, ஸ்டேட்டஸிலும் மொத்த வியாபாரக் குரூப்பிலும் போட்டுவிடுவேன். அவளுக்கும் குஷி. உன்னிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. நம் வீட்டுப் பிள்ளை, நம் கடைத் துணி, இதில் என்ன என்று இருந்துவிட்டேன்.

நான்கு மாதத்துக்கு முன்னால் ஒரு நாள் முயல் படம் போட்ட ஒரு டீ ஷர்ட் வந்திருந்தது. பிரிண்டில் முயலின் காது ஒரு நூல் அளவு சாய்ந்திருக்கிறதோ என்று எனக்குச் சந்தேகம். பள்ளிக்கூடத்திலிருந்து வந்தவளை அப்படியே நிறுத்தி டீ ஷர்ட்டை மாட்டி நாலு படம் எடுத்தேன். காதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் கழுத்தில் பள்ளிக்கூட அடையாள அட்டை தொங்கிக்கொண்டிருந்தது. அவள் பெயர், வகுப்பு, பள்ளிக்கூடம், பள்ளிக்கூட குரூப்புக்காக நீ கொடுத்த இரண்டாவது போன் நம்பர் எல்லாம் அதில் தெளிவாக இருந்தன. ஒரு முழம் தள்ளி இருக்கிற ஊசி ஓட்டையைப் பிடிக்கிற கண் எனக்கு. கண்ணுக்கு நேராகத் தொங்கிய அட்டை தெரியவில்லை. படம் எத்தனை குரூப்புக்குப் போயிற்றோ, அங்கிருந்து யார் யார் எங்கெங்கே அனுப்பினார்களோ, ஆண்டவனுக்குத்தான் வெளிச்சம்.

அந்த நம்பருக்கான வாட்ஸப் டேப்பில்தான் இருந்தது. ஒரு வாரம் கழித்து அதற்கு முன்பின் தெரியாத ஒரு ஆளிடமிருந்து செய்தி வந்தது. மித்ரா என்று பெயர் சொல்லிக் கூப்பிட்டு, முயல் டிரஸ்ஸில் அழகாக இருக்கிறாய் என்று எழுதியிருந்தது. அதற்குப் பிறகு நடந்தது உனக்குத் தெரியும் என்று நீ நினைப்பாய். மித்ரா டேப்பில் அம்பு ஒட்டி உன்னிடம் கொண்டுவந்து காட்டினாள், நீ பார்த்துக்கொண்டாய் என்பதுதான் வீட்டில் எல்லோரும் சொல்கிற கதை. அதற்கு முந்தின நாள் அவள் என்னிடம் வந்தாள் அம்மிணி. இதுதான் நான் விழுங்கி வைத்திருந்தது.

கடையில் உட்கார்ந்திருந்தேன். டேப்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு இறங்கி வந்தாள். திரைக்கு மேல் ஓரத்தில் ஒரு சிவப்பு அம்பு. "அப்புச்சி, இது யாருன்னு தெரியிலீங்க. என்ற பேரு சொல்றாங்க" என்றாள். நான் கண்ணாடியை மாட்டிப் பார்த்தேன். டிரஸ்ஸைப் பற்றி எழுதியிருந்தது மட்டும்தான் என் கண்ணில் பட்டது. "கஸ்டமரா இருக்கும் கண்ணு. எத்தனை செட் வேணும், என்ன சைஸ்னு கேளு" என்றேன். அந்த அம்பை நகத்தால் சுரண்டி உரித்து, உருட்டிக் கீழே போட்டேன். "இதையெல்லாம் இதுல ஒட்டாதே, பசை புடிச்சுக்கும்" என்று வேறு சொன்னேன். அவள் ஒரு நிமிசம் கீழே கிடந்த ஸ்டிக்கரைப் பார்த்தாள். பிறகு நான் சொன்னபடியே தட்டி அனுப்பிவிட்டுப் போய்விட்டாள்.

மறுநாள் சாயங்காலம் மூலனூரிலிருந்து வந்த முருங்கைக்காயைக் கொடுக்க மேலே வந்திருந்தேன். நீ அப்போதுதான் வேலையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றினாய். மித்ரா டேப்பை உன்னிடம் நீட்டினாள். அதில் மூன்று அம்பு வரிசையாக ஒட்டியிருந்தது. உன் சைஸ்தான் வேண்டும், வேறு டிரஸ் போட்டும் படம் எடுத்து அனுப்பு, அம்மாவிடம் சொல்லாதே, சர்ப்ரைஸ் என்று அந்த ஆள் எழுதியிருந்தான். கீழ்வீட்டில்தான் நான் நாள் முழுக்க இருந்தேன். அவள் என்னிடம் வரவில்லை. நீ வரும்வரை காத்திருந்திருக்கிறாள்.

உன் முகம் வெளுத்தது. குரல் மட்டும் மாறவில்லை. கீழே மண்டியிட்டு அவளுக்குச் சமமாக உட்கார்ந்து, "நல்ல வேலை பண்ணுன சாமி. அம்மாகிட்டக் காட்டுனது ரொம்ப நல்லது. உன்ற மேல ஒரு தப்பும் இல்ல" என்றாய். அவள் அப்போதுதான் அழுதாள். "டேப்பை எடுத்துக்குவீங்களாம்மா?" என்றாள். "சத்தியம் பண்ணியிருக்கறமில்ல?" என்றாய். அவளை மடியில் வைத்துக்கொண்டே செய்தி முழுவதையும் மேலிருந்து கீழ்வரை படித்தாய். படித்துவிட்டு ஒரே ஒரு தடவை நிமிர்ந்து என்னைப் பார்த்தாய். நான் முருங்கைக்காய்க் கட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். "முதல்ல அதை அழிச்சுப்போடு அம்மிணி" என்றுதான் எனக்குச் சொல்ல வந்தது. "அழிக்கக் கூடாதுங்கப்பா. போலீசுக்குக் காட்டோணும்" என்றாய். எல்லாவற்றையும் படமெடுத்து வைத்துக்கொண்டு அந்த நம்பரைத் தடுத்தாய். மறுநாள் லீவு போட்டுவிட்டு நீயும் மாப்பிள்ளையும் சைபர் கிரைமில் புகார் கொடுத்தீர்கள், பள்ளிக்கூடத்தில் சொன்னீர்கள். அந்த வாட்ஸப்பை டேப்பிலிருந்து எடுத்து உன் போனுக்கு மாற்றினாய். டேப்பில் பாடம் மட்டும். அதையும் மித்ராவைப் பக்கத்தில் உட்கார வைத்து, எது ஏன் என்று சொல்லிச் சொல்லித்தான் செய்தாய்.

பிறகு கீழே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாய். "எந்தெந்தக் குரூப்புல போட்டீங்கன்னு ஒண்ணொண்ணாச் சொல்லுங்கப்பா" என்று கேட்டு, பழைய படங்களையெல்லாம் என் கையாலேயே நீக்க வைத்தாய். பாதிப் படத்தைத்தான் நீக்க முடிந்தது. "போனது போச்சுங்கப்பா. இனிப் போறதை நிறுத்துவோம்" என்றாய். ஒரு அதட்டல் இல்லை, ஒரு குத்தல் இல்லை. நீ திட்டியிருந்தால் அந்தச் சூட்டிலேயே நான் மீதியையும் சொல்லியிருப்பேன் என்று பல நாள் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அது பொய். திட்டியிருந்தால் நான் இன்னும் ஆழமாகப் புதைத்திருப்பேன்.

அடுத்த மாதம் பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம் வைத்து உன்னைப் பேசச் சொன்னார்கள். நானும் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். யார் போட்ட படம் என்று ஒருவர் கேட்டார். "நாங்க போட்ட போட்டோதானுங்க. ஐடி கார்டைக் கவனிக்காம விட்டுட்டோமுங்க" என்றாய். நாங்கள் என்றாயே தவிர, எங்கப்பா என்று சொல்லவில்லை. தூத்துக்குடிப் பக்கமிருந்து வந்து பவர் டேபிளில் தையல் வேலை செய்கிற ஒரு அம்மா எழுந்து, "எம் புள்ள எங்கிட்ட எதையுமே சொல்ல மாட்டேங்கானே, நா என்னக்கா செய்ய?" என்று கேட்டார். "நானும் முதல்ல கத்திட்டுத்தானுங்க இருந்தேன். கத்தறதை நிறுத்தி ரெண்டு மாசம் கழிச்சுத்தான் சொல்ல ஆரம்பிச்சா. பொறுமையா இருங்க, சொல்லுவான்" என்றாய். பிறகு ஸ்டிக்கரை எடுத்துக் காட்டி, "இது எங்கப்பாகிட்டக் கத்துக்கிட்டதுங்க. அவங்க டேபிள்ல தப்பைக் கொண்டாந்து காட்டுனவங்களை ஒரு வார்த்தை சொல்ல மாட்டாங்க" என்றாய். எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். அதே ஸ்டிக்கரை உரித்துக் கீழே போட்டவன் நான். எழுந்து வெளியே போய்விடலாமா என்று இருந்தது.

இவ்வளவையும் வியாழனும் வெள்ளி மத்தியானமும் கடையில் ஆள் இல்லாத நேரத்தில் எழுதினேன். இதோடு முடித்து உன்னிடம் கொடுப்பதாகத்தான் இருந்தேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம், ஒத்திகை மாதிரி இருக்கட்டும் என்று, மித்ராவோடு நான் உட்கார்ந்தேன். சுற்றளவுக் கணக்கு. மூன்றாவது கணக்கில் அம்பு ஒட்டியிருந்தாள். கடையிலிருந்து இஞ்ச் டேப்பை எடுத்து வந்து மேஜையைச் சுற்றி அளந்தோம். அவளுக்குப் புரிந்துவிட்டது, எனக்கும் கொஞ்சம் புரிந்தது. உன்னிடம் சொல்வதற்கு முன் அவளிடம் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. இது அவளுடைய விஷயமும்தானே?

"கண்ணு, அன்னைக்கு நான் அந்த ஸ்டிக்கரை உரிச்சது தப்பு. பதில் போடச் சொன்னதும் தப்பு. உங்கம்மாகிட்டச் சொல்லிப்போடலாம்னு இருக்கறேன்" என்றேன்.

அவள் நோட்டிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை. "அம்மாவுக்குத் தெரியுமே அப்புச்சி."

"எப்படித் தெரியும்?"

"அன்னைக்கே கேட்டாங்க. எத்தனை செட், என்ன சைஸ்னு நீயாவே கேட்டியான்னு. அப்புச்சி கேக்கச் சொன்னாங்கன்னு சொன்னேன்."

"அதுக்கு அம்மா என்ன சொன்னா?"

"அப்புச்சியே வந்து சொல்லுவாங்க, அது வரைக்கும் நாம கேக்கக் கூடாதுன்னாங்க." அதற்குப் பிறகுதான் நிமிர்ந்து பார்த்தாள். "நீங்க இன்னுமா சொல்லலீங்க?"

ஒன்பது வயசுப் பிள்ளை எந்த ஊரில் செட் கணக்கும் சைஸும் கேட்கும்? என் கடைப் பேச்சு அப்படியே அந்தச் செய்தியில் இருந்திருக்கிறது. நீ மேலிருந்து கீழ்வரை படித்துவிட்டு என்னைப் பார்த்தாயே, அந்தப் பார்வை அதுதான். தெரிந்துகொண்டேதான் குரூப் குரூப்பாக என் பக்கத்தில் உட்கார்ந்து படம் நீக்கினாய். தெரிந்துகொண்டேதான் அத்தனை பேருக்கு முன்னால் எங்கப்பாவிடம் கற்றது என்றாய். தெரிந்துகொண்டேதான் புதன்கிழமை டேப்பை என் கையில் கொடுத்தாய். மித்ராவுக்குக் கொடுத்த அதே பொறுமையை எனக்கும் கொடுத்துவிட்டு நான்கு மாதமாகக் காத்துக்கொண்டிருந்திருக்கிறாய். நான் உன்னை அப்படி ஒரு நாளாவது வளர்த்தேனா என்று யோசித்துப் பார்க்கிறேன். எனக்கு வெட்கமாகவும் இருக்கிறது, மார்பு விம்முகிற மாதிரியும் இருக்கிறது. என் மகள் என்று சொல்லிக்கொள்ள எனக்கு எவ்வளவு பெருமை என்பதை எழுதத் தெரியவில்லை.

கீழே வந்து, கடை டிராயரில் போட்டு வைத்திருந்த உன் கவரைப் பிரித்தேன். இரண்டு தாள் ஸ்டிக்கர் இருந்தது. ஒன்றின் தலையில் மித்ரா என்று எழுதியிருந்தாய். இன்னொன்றின் தலையில், உன் கையெழுத்தில், அப்பா.

அதைக் கையில் வைத்துக்கொண்டு கடையில் உட்கார்ந்து அழுதேன் அம்மிணி. துணி கேட்டு வந்தவர் ஒருவர், ஏதோ கெட்ட சேதி போலிருக்கிறது என்று பேசாமல் திரும்பிப் போய்விட்டார்.

டேப்பை நானே வைத்துக்கொள்கிறேன். இப்போது கேட்டு வாங்கிக்கொள்கிறேன். அது ஹாலை விட்டு நகராது. கடைத் துணி இனி ஹேங்கரில்தான் நிற்கும், விற்றால் விற்கட்டும். அவள் அம்பு ஒட்டினால் நான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்து முழுவதையும் படிப்பேன், அன்றைக்கே உனக்குக் கூப்பிட்டுச் சொல்வேன். எனக்குப் புரியாதது எத்தனையோ வரும். அதற்குத்தான் என் பெயர் போட்ட தாள் இருக்கிறதே.

நீ தைரியமாகப் போய்விட்டு வா. மேலே, "எத்தனை செட் வேணும், என்ன சைஸ்னு கேளு" என்று நான் எழுதியிருக்கிற வரிக்குப் பக்கத்தில் ஒரு சிவப்பு அம்பு இருக்கும். என் தாளிலிருந்து எடுத்த முதல் ஸ்டிக்கர். நானே ஒட்டினேன்.

உன் அப்பா